பின்பக்கம் முதலில்

அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தெர்மகோலை விலக்கி, குரலுக்கு எதிரொலி சேர்க்கும் அந்த ரிவெர்ப் கருவியை மேசைமேல் தூக்கி வைத்ததும் நாங்கள் மூன்று உதவியாளர்களும் அதன் முகத்தைப் பார்க்கக் குனிந்தோம். கறுப்பு முகப்பு, சின்னத் திரை, வரிசையாகப் பொத்தான்கள். 1992-ஆம் வருடம், வடபழனியில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக்கூடம். அமெரிக்காவில் யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற கருவி, தயாரிப்பாளரின் உறவினர் ஒருவரின் பெட்டியோடு சென்னைக்கு வந்து சேர்ந்திருந்தது. எங்கள் தலைமை ரெக்கார்டிஸ்ட் உள்ளே வந்தார். அவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஒன்றும் பேசாமல் கருவியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, அதன் முகம் சுவரைப் பார்க்கும்படி வைத்தார்.

"மொதல்ல பின்பக்கத்தப் படிங்கடா. முன்பக்கத்தப் படிக்க ஆயுசு பூரா நேரம் இருக்கு."

பின்பக்கத்தின் ஓரத்தில், திருப்புளியால் தள்ளி மாற்றும் ஒரு சிறு சுவிட்ச். அதில் 115 என்று எழுதியிருந்தது. அண்ணன் மல்டிமீட்டரை எடுத்து சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டில் அளந்து காட்டினார். 241. நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட் என்று புத்தகத்தில் இருக்கிறது. சுவரில் இருப்பதை அன்றன்றைக்கு அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அளந்து முடித்ததும் என் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதேபோல் வந்த ஒரு டிலே கருவியை நான்தான் நேராகக் கொண்டுபோய்ச் செருகியிருந்தேன். கும்பகோணத்தில் மின்னணுவியல் டிப்ளமோ முடித்தவன், தெரியாதது ஒன்றும் இல்லை. அவசரம், ஆசை. சுவிட்சைப் போட்டதும் கருவிக்குள்ளிருந்து ஒரு முனகல், பிறகு வார்னிஷ் கருகும் வாசனை. அண்ணன் திட்டவில்லை. மூடியைக் கழற்றச் சொன்னார். என்ன எரிந்திருக்கிறது, ஏன் எரிந்தது என்று நானே கண்டுபிடித்துச் சொல்லும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தது. 115 வோல்ட்டுக்குச் சுற்றிய கம்பியில் இரண்டு மடங்கு மின்னழுத்தம் ஏறினால் இரும்பு உள்ளகம் காந்தப்புலத்தைத் தாங்க முடியாமல் நிரம்பிவிடுகிறது. அதன்பிறகு மின்னோட்டத்தைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. அப்படி ஒரு நேரத்தில் எரிந்துபோவதற்கென்றே வைத்திருப்பது ஃபியூஸ். அது ஏன் எரியவில்லை? ஃபியூஸ் கூட்டைத் திறந்து பார்த்தேன். 1 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் முன்பு யாரோ 5 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டிருந்தார்கள். அடிக்கடி போகிறதே என்று போட்டிருக்கலாம். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் கருவி எதையோ சொல்ல வருகிறது என்று பொருள். அதன் வாயை அடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பாடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுவிட்சை 115-லிருந்து 230-க்குத் தள்ளினால் மட்டும் போதாது. அதே கருவி, அதே சக்தி. மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் மின்னோட்டம் பாதியாகும். ஆகவே 1 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ இருந்த இடத்தில் அரை ஆம்பியர் ஸ்லோ ப்ளோ போட வேண்டும். பழைய ஃபியூஸையே விட்டுவைத்தால் கருவி ஓடும், ஆனால் காவல்காரன் தூங்குவான். ரிவெர்ப் வந்த அன்று மாலை ரிச்சி தெருவுக்குப் போய் அரை ஆம்பியர் ஃபியூஸ் பத்து வாங்கி வந்தேன். ஒன்றைக் கருவிக்குள் போட்டோம். இரண்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கருவியின் பின்பக்கத்திலேயே ஒட்டிவைத்தார் அண்ணன். நடு இரவில் ஃபியூஸ் போனால் கைக்குக் கிடைத்ததைப் போட மனம் வரும். சரியானது பக்கத்திலேயே இருந்தால் அந்தத் தப்பு நடக்காது என்பது அவர் கணக்கு.

மூடியைத் திறப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை உள்ள கருவிகளில் 230 வோல்ட் மாறுமின்சாரம் நேர்மின்சாரமாகும்போது பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். வயரைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். அண்ணனின் வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. அது எப்போது, எந்தக் கருவியால் வந்தது என்று அவர் சொன்னதில்லை. ஆனால் கருவியைத் திறந்தால் முதலில் மீட்டரை வைத்து அளப்பார். மின்சாரம் இருக்கும்போதே உள்ளே எதையாவது அளந்தாக வேண்டிய நிலை வந்தால் இடது கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். மின்சாரம் ஒரு கையில் ஏறி இன்னொரு கை வழியாக இறங்கினால் அதன் பாதை நெஞ்சுக்கு நடுவே போகிறது. ஒற்றைக் கையால் வேலை செய்தால் அந்தப் பாதை கிடையாது. இதை எழுதும்போதே சொல்லிவிடுகிறேன்: முறையாகக் கற்காதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம். பின்பக்கத்தைப் படிப்பதற்கு மூடியைத் திறக்க வேண்டியதில்லை.

அடுத்தது எர்த். இந்தத் தொழிலில் முப்பது வருடத்துக்கு மேலாக நான் அதிக நேரம் செலவிட்டது பாட்டுக்கா, எர்த்துக்கா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

புதுக் கருவியை ராக்கில் ஏற்றி, கன்சோலிலிருந்து இரண்டு வயர் போட்டு, கன்சோலுக்கு இரண்டு வயர் திருப்பிக் கொண்டுவந்ததும் ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்று ஓர் இழுவை கேட்டது. 50 ஹெர்ட்ஸ் ஹம். தம்புரா ஸ்ருதி மாதிரி விடாமல் நின்றது. ஆனால் எந்தப் பாட்டின் ஸ்ருதியோடும் சேராது. கருவிக்கு மூன்றாவது முள் வழியாக ஓர் எர்த். கன்சோலுக்குத் தனியாக ஓர் எர்த். இரண்டுக்கும் நடுவே ஆடியோ வயரின் ஷீல்டு இன்னொரு பாலம். ஆக ஒரு வளையம் உண்டாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் ஓடும் மின்சாரமெல்லாம் அந்த வளையத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதைத்தான் காது ஹம் என்று கேட்கிறது.

அன்று இருந்த மூத்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் உடனே ஒரு வழி சொன்னார்: மூன்று முள் பிளக்கில் மேல்முள்ளைக் கழற்றிவிடுங்கள், ஹம் போய்விடும். போய்விடும், உண்மைதான். வேறொரு கூடத்தில் ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள். கிட்டார்க்காரர் ஒரு கையால் தந்திகளைப் பிடித்தபடி பேசுவதற்காக மைக்கின் பக்கம் குனிந்தபோது உதட்டில் ஷாக் அடித்துப் பின்னால் விழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபயரின் உள்ளே எங்கோ இன்சுலேஷன் தேய்ந்திருந்தது. எர்த் இருந்திருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்குப் போய் ஃபியூஸை எரித்திருக்கும். எர்த் இல்லாததால் அது மனிதனைத் தேடியது. அவர் பிழைத்தார். அந்த மாதம் முழுக்க எனக்குக் கனவில் அந்தக் காட்சிதான்.

ஆகவே இதை ஒரு கெஞ்சலாகவே எழுதுகிறேன். ஹம்மை நீக்குவதற்காக எந்தக் கருவியின் மின் எர்த்தையும் துண்டிக்காதீர்கள். வளையத்தை அறுக்க வேண்டிய இடம் அது அல்ல. எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்திலிருந்து கிளம்பும் மின் இணைப்பில், ஒரே எர்த்தில் போடுங்கள். பாலன்ஸ்டு வயராக இருந்தால் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் சால்டர் செய்து, மறுமுனையில் விட்டுவிட்டுப் பார்க்கலாம். அதற்கும் அடங்கவில்லையென்றால் ஒன்றுக்கு ஒன்று ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரை நடுவில் போடுங்கள். ஒலி காந்தப்புலத்தின் வழியே தாண்டிப் போகும், எர்த் தாண்டாது. கூடத்துக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் விழும் ஆர்சிசிபி ஒன்றைப் போடுங்கள். ஒரு நல்ல மைக்கின் விலையோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சொற்பக் காசு.

எங்கள் கூடத்தில் உண்மையான கோளாறு இன்னும் கீழே இருந்தது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு 18 காட்டியது. அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு கட்டடத்தின் பின்னால் போனார். சிமென்ட் மூடியைத் தூக்கினால் உள்ளே எர்த் குழி வறண்டு வெடித்துக் கிடந்தது. கரியும் உப்பும் போட்டு நிரப்பிய குழி அது. ஈரம் இருந்தால்தான் உப்பு கரைந்து மண்ணுக்கும் குழாய்க்கும் உறவு உண்டாகும். கத்திரி வெயிலில் அந்த உறவு அறுந்துவிட்டிருந்தது. நான்கு குடம் தண்ணீர் ஊற்றினோம். அரை மணி நேரம் கழித்து அளந்தால் 6. மறுநாள் காலையில் இன்னும் நான்கு குடம். 2-க்கு இறங்கியது. கன்சோல் அறைக்கு வந்து ஃபேடரைத் தூக்கிப் பார்த்தோம். ஹம்மில் பெரும்பகுதி போயிருந்தது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் செய்த கருவிகள் வடபழனியில் ஒழுங்காகப் பாட வேண்டுமானால் பின்வாசலில் குடம் வைத்துத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வேண்டும். அந்த வருடம் முதல் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் அந்த ஆள் நான்தான்.

ராக்கில் ஏற்றுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு யூனிட் உயரம் 44.45 மில்லிமீட்டர். கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடுக்காமல், சூடாகும் கருவிக்கு மேலே ஒரு யூனிட் காலியாக விடுங்கள். பவர் ஆம்ப்ளிஃபயருக்கு நேர் மேலே எஃபெக்ட்ஸ் கருவியை வைக்காதீர்கள். அதன் சூடும் அதன் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமும் சேர்ந்து தொல்லை தரும். சென்னையில் கடற்காற்றின் உப்பு எல்லா ஜாக்கையும் பச்சையாக்கும். ஏசியை இரவில் நிறுத்திவிட்டுக் காலையில் கதவைத் திறந்து ஈரக்காற்றை உள்ளே விட்டால் குளிர்ந்த உலோகத்தின்மேல் வியர்க்கும். அந்த வியர்வை காயும்வரை சுவிட்சைப் போடக் கூடாது. பின்பக்கத்தில் திறந்து கிடக்கும் ஓட்டைகளை மூடிவையுங்கள். ஒரு பவர் சப்ளையின் சூட்டைத் தேடிப் போன பல்லி அங்கேயே கருகிக் கிடந்ததை நான் இருமுறை கண்டிருக்கிறேன். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் ராக்கின் மரப்பக்கத்தில்தான். கருவியின் முகத்தில் வைக்க அண்ணன் விடமாட்டார். கற்பூரத் தட்டையும் வாசலிலேயே காட்டிவிட்டுப் போகச் சொல்வார். பக்திமான்தான், ஆனால் காற்றுத் துளைக்குள் விபூதி போனால் என்ன ஆகும் என்றும் தெரிந்தவர்.

இனி ஒலியின் அளவு. பின்பக்கத்தில் இருக்கும் இரண்டாவது சின்ன சுவிட்ச் இதற்குத்தான். தொழில்முறைக் கருவிகள் பேசிக்கொள்ளும் அளவை +4 என்போம், அதாவது 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளின் அளவு –10, அதாவது 0.316 வோல்ட். கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். இந்த இரண்டும் மாறிப்போனால் ஒன்று கருவி மூச்சு முட்டிக் கரகரக்கும், அல்லது மெலிந்து இரைச்சலுக்குள் மூழ்கும். டிஜிட்டல் கருவியில் இது இன்னும் முக்கியம். எங்களிடம் பிறகு வந்த யமஹா எஸ்பிஎக்ஸ் 90, 1985-இல் வெளிவந்தது, 16 பிட். ஒவ்வொரு பிட்டுக்கும் சுமார் 6 டெசிபெல். நீங்கள் சோம்பேறித்தனமாக 24 டெசிபெல் தாழ்வாக அனுப்பினால் நான்கு பிட்டைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள். 12 பிட் கருவியாக அது வேலை செய்கிறது. ரிவெர்பின் வால் தேயும் இடத்தில் அந்த நஷ்டம் மணல் சரிவது மாதிரிக் கேட்கும். மாறாகச் சிவப்பு விளக்கு எரிய அனுப்பினால் டிஜிட்டல் கருவி டேப் மாதிரி மெதுவாக மழுங்காது, உடனே வெட்டும். பாட்டின் மிக உரத்த இடத்தைப் பாடச் சொல்லி, அங்கே சிவப்புக்கு ஒரு படி கீழே நிற்கும்படி வைப்பதுதான் வழி. பாடகர்கள் ஒத்திகையில் அடக்கிப் பாடுவார்கள், டேக்கில் உயர்த்துவார்கள். அந்த மனித இயல்புக்கும் ஓர் 6 டெசிபெல் ஒதுக்குங்கள்.

அந்த எஸ்பிஎக்ஸ் 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கொடுக்காது. குறை என்று விளம்பரங்கள் சொல்லும். பெண் குரலின் 'ச', 'ஸ' எதிரொலியில் சீறாமல் இருப்பதற்கு அந்தக் குறைதான் உதவியது என்பது என் அனுபவம். பிறகு 480 எல் என்ற ரிவெர்ப் கருவி, இன்னும் என்னென்னவோ வந்தன. இருந்தாலும் சில குரல்களுக்கு நான் இன்றும் மேல் ஒலியை வெட்டிவிட்டுத்தான் ரிவெர்புக்கு அனுப்புகிறேன்.

இப்போது நான் சொல்லத் தயங்கும் நாள். 1994, ஒரு பக்திப்பாட்டுக் கேசட். பாடகி அம்மாவுக்கு அறுபதை நெருங்கிய வயது. வாய்ஸ் ரூமில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நின்றார். "கொஞ்சம் எக்கோ போடுப்பா, காதுக்கு வறண்டு கெடக்கு" என்றார். அந்தத் தலைமுறை ரிவெர்பை எக்கோ என்றுதான் சொல்லும். நான் அவர் குரலின் சேனலில், ரிவெர்புக்கு ஒலியை அனுப்பும் ஆக்ஸ் குமிழைத் திறக்க வேண்டும். பக்கத்தில் ரிவெர்பின் ரிட்டர்ன் சேனல். கை தவறி அந்த ரிட்டர்ன் சேனலின் ஆக்ஸைத் திறந்துவிட்டேன்.

என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ரிவெர்பிலிருந்து வருவது மறுபடி ரிவெர்புக்கே போகிறது. சுற்றிச் சுற்றி ஒவ்வொரு சுற்றிலும் ஏறுகிறது. ஒரு நொடிக்குள் ஊளை. ஒலிபெருக்கியில் எங்களுக்கே உடம்பு தூக்கிப் போட்டது; அவருக்கோ அது காதோடு ஒட்டி அடித்தது. ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உறைந்துபோய் நின்றேன். அண்ணன்தான் பாய்ந்து வந்து ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார்.

அவர் அன்று பாடவில்லை. மூன்றாம் நாள் வந்தார். வலது காதில் இன்னும் லேசாக விசில் கேட்கிறது என்றார். நான் காலில் விழுந்தேன். "போடா, எந்திரி. இனிமே யாருக்கும் பண்ணாத" என்றார். சில வாரத்தில் அந்த விசில் நின்றது என்று சொன்னார். முழுக்க நின்றதா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பின் நான் மாற்றிக்கொண்டவை இவை. ரிட்டர்ன் சேனலில் அதே கருவிக்குப் போகும் ஆக்ஸ் குமிழின்மேல் சிவப்பு டேப் ஒட்டிவிடுவேன். எந்தக் கூடத்துக்கு வேலைக்குப் போனாலும் முதல் வேலை அதுதான். ஹெட்ஃபோன் வழியில் ஒரு லிமிட்டர் எப்போதும் இருக்கும். கருவியில் புரோகிராமை மாற்றுமுன் ரிட்டர்னை மியூட் செய்வேன். பழைய கருவிகள் ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது 'பளார்' என்று ஒரு சத்தத்தைத் துப்பும். பாடுகிறவர் ஹெட்ஃபோனோடு இருக்கும்போது எந்த வயரையும் பிடுங்க மாட்டேன், செருக மாட்டேன். மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் ஓடும்போது, வயர்களை மாற்றிச் செருகும் பேட்ச் பேயைத் தொட மாட்டேன். அந்த ஜாக் உள்ளே போகும் வழியில் முனைகள் ஒரு கணம் ஒன்றையொன்று முட்டும், மின்னழுத்தம் போகக் கூடாத கருவிக்குள் போகும். சுவிட்ச் போடும் வரிசையும் இதே காரணத்துக்குத்தான்: முதலில் எஃபெக்ட்ஸ் கருவிகள், பிறகு கன்சோல், கடைசியில் ஒலிபெருக்கியின் ஆம்ப்ளிஃபயர். அணைக்கும்போது தலைகீழ். 2012-இல் சென்னையிலேயே தினமும் 2 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அப்போது நானே சொல்லிவைத்த விதி ஒன்று உண்டு. மின்சாரம் போனதும் எல்லாச் சுவிட்சையும் கையால் அணைத்துவிட வேண்டும். வந்த பிறகு ஐந்து நிமிடம் காத்திருந்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும். திரும்பி வரும் மின்சாரம் நிதானத்தோடு வருவதில்லை.

மெதுவாக வரும் காயமும் இருக்கிறது. 85 டெசிபெலில் ஒருநாளில் 8 மணி நேரம் கேட்கலாம் என்பது தொழில் சுகாதாரக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் ஒரே மணி. இரவு 11 மணிக்கு மேல் காது களைத்ததும் நாம் அறியாமல் ஒலியைக் கூட்டுவோம், ரிவெர்பையும் கூட்டுவோம். இரவில் போட்ட ரிவெர்பைக் காலையில் கேட்டால் எப்போதும் அதிகமாகத்தான் இருக்கும். காது ஓய்ந்துபோனதைக் கை சொல்லிக் கொடுக்கிறது. கை குமிழை நோக்கி மூன்றாவது முறை போனால் நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன்.

முன்பக்கத்துக்கு வருகிறேன். ஆக்ஸ் வழியாக அனுப்பும் ரிவெர்பில் மிக்ஸ் என்ற அளவை 100 சதவீதம் ஈரத்தில் வையுங்கள். அதாவது கருவி எதிரொலியை மட்டும் தரட்டும். நேர்க்குரல் கன்சோலிலேயே இருக்கிறது. இதை 50-இல் விட்டால் நேர்க்குரலின் நகல் ஒன்று கருவிக்குள் நுழைந்து, அனலாக்–டிஜிட்டல் மாற்றத்தில் ஓரிரு மில்லி செகண்டு தாமதித்து வெளியே வந்து மூலக்குரலோடு மோதும். 1 மில்லி செகண்டு தாமதத்துக்கு 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், 1500-இல் ஒன்று, 2500-இல் ஒன்று என்று சீப்பின் பல் மாதிரிப் பள்ளங்கள் விழும். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். புதியவர்கள் 'கருவி மட்டம்' என்று திரும்பக் கொடுத்த பல கருவிகளில் கோளாறு இதுதான்.

ரிவெர்பின் நீளத்தைப் பற்றி அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதம் வேறு. "உங்க ஊர்க் கோயில் பிரகாரத்துல ஓதுவார் எப்பிடிப் பாடுவார்?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். விருத்தமாக, தாளமில்லாமல், ஒரு சொல்லை விட்டுவிட்டு நிற்பார். கல் அதைத் திருப்பிச் சொல்லும். அது தேயும்வரை காத்திருந்து அடுத்த சொல்லை எடுப்பார். "அவருக்கு அந்தக் கல்லோட நீளம் தெரியும். நீ இங்க உக்காந்து அந்தக் கல்லக் கட்டுற. பாடுறவங்க எவ்வளவு நேரம் நிக்கிறாங்களோ அவ்வளவுக்குத்தான் நீ கட்டணும்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு எண்கள் புரியத் தொடங்கின. ஒலி 60 டெசிபெல் இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் ரிவெர்பின் நீளம். விருத்தத்துக்கு இரண்டரை நொடி வைத்தாலும் தாங்கும். அதே நீளத்தை வேகமான கும்மிப் பாட்டுக்கு வைத்தால் ஒரு கைத்தட்டல் அடுத்ததன்மேல் ஏறி நிற்கும்; அங்கே 1 நொடியே தாராளம். கமகம் நிறைந்த குரலுக்கு இன்னும் கவனம் வேண்டும். தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவையெல்லாம் ரிவெர்ப் சேர்த்துப் பிடித்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் கமகம் கலங்கிச் சேறாகிவிடும். நம் இசையை அறியாமல் அமைத்த கருவியின் ஆயத்த அமைப்புகள் நீளமாகவே இருக்கும். முதலில் பாதியாகக் குறைத்துவிட்டுப் பிறகு தேவைக்கு ஏற்றுவது என் வழக்கம்.

ப்ரீ டிலே என்று ஒன்று உண்டு. குரல் ஒலித்த பிறகு எதிரொலி தொடங்குவதற்குமுன் கருவி காத்திருக்கும் நேரம். 1 மில்லி செகண்டில் ஒலி சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆகவே 40 மில்லி செகண்டு காத்திருந்தால் ஏறக்குறைய ஏழு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் பட்டுத் திரும்பியது போலிருக்கும். ஆனால் எனக்கு அதன் பயன் சுவர் அல்ல, எழுத்து. தமிழில் 'ல', 'ள', 'ழ' மூன்றும் நாவின் சிறு மாற்றத்தில் பிரிகின்றன. அந்தப் பிரிவு நிகழும் இடத்திலேயே எதிரொலி வந்து மூடினால் 'வாழை' எது, 'வாளை' எது என்று கேட்பவருக்குத் தெரியாது. எழுத்து கடந்த பிறகு, உயிரொலி நீளும் இடத்தில் ரிவெர்ப் வந்து தாங்க வேண்டும். ஒவ்வொரு பாட்டிலும் 'ழ' வரும் ஒரு வரியைப் பிடித்து, அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு ப்ரீ டிலேயை நகர்த்துவேன். எழுத்து பளிச்சென்று தெரியும் இடத்தில் கையை எடுத்துவிடுவேன்.

அதே காரணத்துக்காக முடிந்ததும் ஒருமுறை மோனோவில் கேட்பேன். இரு பக்கமும் விரிந்து கிடந்த ரிவெர்ப் ஒற்றை ஒலிபெருக்கியில் சுருங்கிப் பாதி காணாமல் போகும். பேருந்திலும் டீக்கடையிலும் செல்பேசியிலும் கேட்பவர்களுக்கு அந்த மீதிப் பாதிதான் பாட்டு.

இன்று பெரும்பாலான வேலை கணினிக்குள். எரியும் வாசனை கிடையாது, ஹம் கிடையாது. ஆனாலும் வெளிக்கருவியை டிஜிட்டல் வயரில் இணைக்கிறவர்கள் கடிகாரத்தை மறந்துவிட்டு வந்து நிற்கிறார்கள். இரண்டு கருவிகளில் ஒன்று மட்டுமே காலம் சொல்ல வேண்டும், மற்றது கேட்க வேண்டும். ஒன்று 44.1 கிலோ ஹெர்ட்ஸிலும் இன்னொன்று 48-இலும் ஓடினாலோ, இரண்டும் தத்தம் கடிகாரத்தில் ஓடினாலோ, 'டிக் டிக்' என்று முள் குத்துவதுபோல் கேட்டுக்கொண்டே இருக்கும். மிருதங்கத்தில் அது ஒளிந்துகொள்ளும். தம்புராவில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தம்புராவை மட்டும் ஓடவிட்டு இரண்டு நிமிடம் கேட்டுப் பாருங்கள்.

போன மாதம் அந்தப் பழைய ரிவெர்பின் திரையில் பேட்டரி பலவீனம் என்ற எச்சரிக்கை வந்தது. நாம் சேமித்த அமைப்புகளைக் காப்பாற்றி வைத்திருப்பது உள்ளே சால்டர் செய்த ஒரு லித்தியம் காசு பேட்டரிதான். அது சில வருடங்களில் தேயும், தேய்ந்தால் எல்லாம் அழியும். மிடி வழியாக வெளியே எடுக்க முடிகிற கருவிகளில் முதலில் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். நான் எப்போதும்போல நோட்டில் எழுதிக்கொண்டேன்: ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு பக்கம், நீளம், ப்ரீ டிலே, மேல் வெட்டு. பாடகி அம்மாவின் பெயரில் ஒன்று இருந்தது. 1.4 நொடி, 38 மில்லி செகண்டு. அவர் இப்போது இல்லை.

வயரைப் பிடுங்கி, காத்திருந்து, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு மூடியைக் கழற்றினேன். மூடியின் உட்புறத்தில் பழுப்பேறிய ஒரு துண்டு டேப். அண்ணனின் சாய்வான எழுத்து. '230-க்கு மாற்றியது. ஃபியூஸ் 0.5 ஸ்லோ. 14.6.92.' அதற்குக் கீழே '96 பேட்டரி'. அதற்குக் கீழே 2005, என் எழுத்து. இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. என்னோடு வேலை செய்யும் பெண் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேட்டரியை அவளையே சால்டர் செய்யச் சொன்னேன். முடித்ததும் பேனாவை அவளிடம் கொடுத்தேன். தேதி எழுதினாள், மூடியைப் பூட்டினாள், ரிட்டர்னை மியூட் செய்தாள். சுவிட்சைப் போடப் போன கையை நிறுத்தி, கருவியை ஒருமுறை திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டாள்.